ஒரே ஒரு கடை திறந்திருந்த தெரு

சபீனா டூனன் பொல்லாதவள் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் ஊர் ட்ரம்கார்வியில் அவள் பேச்சை எடுத்தாலே ஆளாளுக்கு ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார்கள். சர்ச்சுக்கு ஒழுங்காகப் போவாள். எடையில் கை வைக்க மாட்டாள். படுத்த படுக்கையாகக் கிடந்த அப்பாவைப் பல வருஷம் முகம் சுளிக்காமல் பார்த்துக்கொண்டாள். அவளைப் பெண் கேட்டு வந்தவர்கள் உண்டு. அப்பாவையும் கடையையும் விட்டுவிட்டு எப்படிப் போவது என்று அவள் யோசித்து முடிப்பதற்குள், வந்தவர்கள் வேறு வீட்டில் கை நனைத்துவிட்டார்கள். அவளிடம் இருந்த குறை ஒன்றே ஒன்றுதான், வயிற்றெரிச்சல். அதுவும் ஊர் மேலெல்லாம் இல்லை. எதிர்ச் சாரியில் துணிக்கடை வைத்திருந்த டிலியா ஹெஷன் மேல் மட்டும்.

டிலியாவும் அவளும் கன்னியர் மடத்துப் பள்ளியில் ஒரே பெஞ்சு. அப்போதே டிலியா தொட்டதெல்லாம் துலங்கும். இரண்டு பேரும் சேர்ந்து தப்பு செய்தால் சபீனாவுக்கு அடி விழும், டிலியாவுக்குப் புத்திமதி விழும். பிறகு டிலியாவுக்கு மைல்ஸ் ஹெஷன் வந்தான். அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன். பெண்டாட்டி அளந்து வெட்டிய துணியை மடித்து, காகிதம் சுற்றி, நூல் கட்டிக் கொடுப்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை கிடையாது. துணிக்கடையும் வளர்ந்தது. டிலியா கர்வம் பிடித்தவளாகவோ கெட்டவளாகவோ இருந்திருந்தால் சபீனாவுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அந்த உபகாரத்தைக்கூட அவள் செய்யவில்லை.

சபீனாவின் கடையில் தேயிலை, சர்க்கரை, மெழுகுவத்தி, மூக்குப்பொடி, காகிதம், மை எல்லாம் கிடைக்கும். படம் போட்ட தபால் அட்டைகள் வந்ததும் அவற்றையும் வாங்கி வைத்தாள். அந்த வருஷங்களில் அட்டை என்றால் ஜனங்களுக்குப் பைத்தியம். டப்ளினில் வேலைக்குப் போன பெண்ணுக்கு ஓர் அட்டை, பாஸ்டனில் இருக்கிற அண்ணனுக்கு ஓர் அட்டை, பக்கத்து ஊர் அத்தைக்கு, சாயங்காலம் வருகிறேன் என்று சொல்வதற்கு ஓர் அட்டை. எங்கள் ஊர் படம் போட்ட அட்டை ஊரில் வேறெங்கும் கிடைக்காது, சபீனாவிடம்தான் வாங்க வேண்டும்.

வியாபாரம் நன்றாக நடந்தது. ஆனால் அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு அடிவயிறு எரியும். காரணம், படம் எடுக்க வருகிற மிஸ்டர் ஹெம்ஃபில்.

ஹெம்ஃபில் டப்ளினில் ஒரு படக் கம்பெனிக்காரர். கோடையில் ஒரு நாள் ரயிலில் வந்து இறங்குவார். மெயின் தெரு சபீனாவின் கடை இருக்கிற இடத்தில் வளைகிறது. அந்த வளைவில் நின்று பார்த்தால் இரண்டு சாரிக் கடைகளும் வரிசையாகத் தெரியும், கடைசியில் சர்ச் கோபுரம் தெரியும். ஆகவே மனுஷன் வருஷா வருஷம் தன் காமிரா முக்காலியைச் சபீனாவின் வாசலில்தான் நிறுத்துவார். படம் பதிகிற கண்ணாடித் தகடுகள் இருக்கிற பெட்டியைச் சபீனாவின் ஜன்னல் கட்டையில் வைப்பார். குடிக்கத் தண்ணீரும் சபீனாவிடமே கேட்பார். பிறகு அவள் கடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொள்வார்.

ஊரே அன்றைக்கு நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு தெருவில் வந்து நிற்கும். கசாப்புக்கடைக்காரர் புது ஏப்ரனில் நிற்பார். போலீஸ்காரர் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பார். நாய்கூட வந்து நிற்கும். ஒரு ஆள்தான் நிற்க மாட்டான், மைல்ஸ். அந்தக் காமிராவுக்கு முன்னால் நிற்கத் தனக்குக் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் பின்னால் போய் நூல்கண்டுகளை அடுக்க ஆரம்பித்துவிடுவான். டிலியா மட்டும் வெள்ளைக் கழுத்துப்பட்டையோடு வாசலில் நிற்பாள். அட்டை வரும்போது பார்த்தால் துணிக்கடை நட்டநடுவில் பளிச்சென்று இருக்கும். போர்டில் ஹெஷன் என்ற பெயர் எழுத்தெழுத்தாகத் தெரியும். சபீனாவின் வாசலில் நின்று எடுத்த படத்தில் சபீனாவின் கடை மட்டும் இருக்காது.

மலையடிவாரத்திலிருந்து ஜனங்கள் அட்டையும் கையுமாகச் சந்தைக்கு வருவார்கள். வந்து சபீனாவிடம்தான் விசாரிப்பார்கள், இந்தப் படத்தில் இருக்கிற துணிக்கடை எங்கே என்று. அவளும் கையை நீட்டிக் காட்டுவாள். டிலியாவின் கடையை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலையைத் தன் கையாலேயே செய்துகொண்டிருக்கிறோமே என்று அவளுக்கு அழுகையே வரும். அழுதால் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று சர்க்கரை மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொள்வாள்.

ஒரு தடவை டிலியாவே தேயிலை வாங்க வந்தவள் புது அட்டையை எடுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"உன் வாசல்ல இருந்து பார்த்தா எங்க கடை இவ்வளவு அழகா இருக்குன்னு எனக்கே தெரியாது சபீனா. நீ தினமும் பார்க்கறே. கொடுத்து வச்சவ."

மனசில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை. வெள்ளந்தியாகத்தான் சொன்னாள். சபீனாவுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்து வந்த கோடையிலேயே அவள் ஹெம்ஃபில்லைப் பிடித்துக்கொண்டாள். கடைக்குப் பின்னால் இருக்கிற வரவேற்பறையில் உட்காரவைத்து, பன்றித்தொடைக் கறியும் திராட்சை போட்ட கேக்கும் தேநீருமாக உபசரித்தாள். அப்பா செத்த பிறகு அந்த அறையில் யாரும் சாப்பிட்டதில்லை. அடுத்த வருஷம் சர்ச் பக்கத்தில் நின்று இந்தப் பக்கமாகப் பார்த்து எடுக்கக் கூடாதா என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். கோபுரம் இல்லாத அட்டையை யார் வாங்குவார்கள் என்று அவர் தயங்கினார். படத்தில் என் கடைக்கு அப்பால் இருக்கிற பாலம் விழுமே, ஆறு விழுமே, அச்சடிக்கிற அத்தனையையும் நானே எடுத்துக்கொள்கிறேனே என்று இவள் விடவில்லை. கேக் இன்னொரு துண்டு வைத்தாள். அவர் சரி என்றார்.

ஒரு வருஷம் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடைமுகப்புக்குப் பச்சை வண்ணம் பூசினாள். டூனன் என்ற பெயரைத் தங்க எழுத்தில் எழுத வைத்தாள். தொப்பி வாங்கினாள், அதுவும் டிலியாவின் கடையில் வாங்காமல் ரயிலேறிப் போய் வாங்கி வந்தாள். வாடகைக் குதிரைவண்டி ஓட்டுகிற பார்ட்லி கெனீலி, "என்ன மிஸ் டூனன், மாப்பிள்ளை எந்த ஊரு" என்று கேட்டான். அவனுக்கு அதற்கப்புறம் மூக்குப்பொடி கடனாகக் கிடைக்கவில்லை.

ஹெம்ஃபில் வருவதாகச் சொன்னது செவ்வாய்க்கிழமை. முந்தின ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்த மைல்ஸ் ஹெஷன் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. ஐம்பதுகூட நிறையாத மனுஷன்.

சபீனா துக்கத்துக்குப் போனாள். மண்டியிட்டு ஜெபம் சொன்னாள். டிலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். மனசார வருத்தப்பட்டாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நிமிர்ந்து பார்த்தால் வீடு கொள்ளாத கூட்டம். மாடிப்படியில் ஆள், முற்றத்தில் ஆள், தெருவில் ஆள். தன் அப்பா செத்தபோது வந்தவர்களை ஒரு பெஞ்சில் உட்காரவைத்திருக்கலாம். செத்தாலும் இவள் வீட்டுக்குத்தான் கூட்டம் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் சிலுவை போட்டுக்கொண்டாள், ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

அடக்கம் செவ்வாய்க்கிழமை என்று பாதிரியார் சொன்னபோது அவளுக்குத் திக்கென்றது. ஹெம்ஃபில்லுக்கு வராதீர்கள் என்று ஒரு தந்தி கொடுத்தால் போதும். தபால் ஆபீஸ் வாசல் வரை போனாள். இந்த வருஷம் போனால் மனுஷன் அடுத்த வருஷம் பழையபடி தன் வாசலிலேயே முக்காலியைப் போட்டுவிடுவார். காலையில் அடக்கம், மத்தியானம்தானே ரயில், இரண்டும் முட்டிக்கொள்ளாது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

முட்டிக்கொண்டது. மைல்ஸின் அக்கா தூரத்திலிருந்து வந்து சேரும் வரை பூசையைத் தள்ளிவைத்தார்கள். ஹெம்ஃபில் வந்து சர்ச் பக்கத்துக் குழாயடியில் முக்காலியை விரித்தபோது, சவப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு சர்ச்சிலிருந்து வெளியே வருகிறார்கள். அவர் மரியாதையாகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓரமாக நின்றார்.

எங்கள் ஊரில் சாவு ஊர்வலம் வருகிறதென்றால் தெருவில் எல்லாக் கடையையும் பலகை போட்டு அடைப்பார்கள். செத்தவன் கோடீசுவரனா பிச்சைக்காரனா என்று பார்ப்பதில்லை. ஊர்வலம் பாலம் தாண்டிக் கல்லறை மேட்டில் ஏறும் வரை பலகையை யாரும் எடுக்க மாட்டார்கள். வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறபோது நாலு எட்டாவது கூட நடக்க வேண்டும். எதிரியாகவே இருந்தாலும் நடப்பார்கள். கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது.

சபீனாவும் பலகை போட்டுவிட்டு வாசலில் நின்றாள். பெட்டியை ஹெஷன் கடை வாசலில் கொஞ்ச நேரம் நிறுத்தி வைத்தார்கள். பிறகு தூக்கினார்கள். டிலியா அதன் பின்னால் தலை குனிந்து போனாள். ஊர் மொத்தமும் பின்னால் போனது. கடைசி ஆளும் சபீனாவின் வாசலைத் தாண்டியதும் அவளும் இறங்கிக் காலெடுத்து வைக்கப் போனாள். அந்த நேரம் பார்த்து ஹெம்ஃபில் வேகமாக வந்துவிட்டார்.

"மேகம் வந்துக்கிட்டிருக்கு மேடம். இப்ப விட்டா இன்னிக்குப் படம் இல்ல. தெரு பூரா அடைச்சுக் கிடக்கு. உங்க கடையாவது திறந்திருந்தா கொஞ்சம் உயிர் இருக்கும்."

சபீனா திரும்பிப் பாலத்துப் பக்கம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பார்த்தால் மனசு மாறிவிடும் என்று அவளுக்கே தெரியும். ஊர்வலம்தான் தாண்டிவிட்டதே என்று முணுமுணுத்துக்கொண்டே பலகைகளைக் கழற்றி உள்ளே சாய்த்து வைத்தாள். புதுத் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள். வாசல்படியில் நிமிர்ந்து நின்றாள். அவர் ஓடிப்போய்த் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, தன்னையே பார்க்கும்படி, அசையாமல் இருக்கும்படி கையைக் காட்டினார். சபீனா பார்த்தாள். பார்த்ததோடு நிற்காமல் சிரித்தாள். வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த சிரிப்பு அது, அடக்கியிருந்தாலும் அடங்கியிருக்காது. படம் எடுத்தாயிற்று. மேகமும் வந்துவிட்டது.

இலையுதிர் காலத்தில் அட்டைகள் வந்தன. சபீனா கதவைத் தாழ்போட்டுவிட்டுக் கட்டைப் பிரித்தாள். அப்படி ஓர் அட்டை எங்கள் ஊருக்கு அதற்கு முன்னால் வந்ததே இல்லை. தெருவில் ஓர் ஈ காக்கை இல்லாததால் எதுவும் கலங்கவில்லை, ஒவ்வொரு கல்லும் துல்லியம். வளைவில் அவள் கடை, முகம் திருப்பி நம்மைப் பார்ப்பதுபோல. டூனன் என்ற தங்க எழுத்து. தொப்பியில் இருக்கிற இறகுகூடத் தெரிந்தது. எதிரே துணிக்கடை பலகை போட்டு இருண்டு கிடந்தது. அன்றைக்கு அவள் பார்த்தது அவ்வளவுதான். தன்னைத் தேடுகிறவளுக்கு வேறு என்ன கண்ணில் படும்.

ஜன்னலில் வரிசையாகக் குத்தி வைத்தாள். மறுநாள் காலையிலிருந்தே ஜனங்கள் வர ஆரம்பித்துவிட்டார்கள். அட்டையை எடுப்பார்கள், வெளிச்சத்தில் பிடிப்பார்கள், கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு மூன்று வாங்கிக்கொண்டு போவார்கள். பேசினவர்களும் நன்றாக விழுந்திருக்கிறது என்று சொன்னதோடு சரி. பார்ட்லி கெனீலி மட்டும், "எல்லாரும் அடைச்சுக் கிடக்க நீங்க ஒருத்தர் பளிச்சுனு நிக்கறீங்க மிஸ் டூனன்" என்றான். அவள் பூரித்துப்போய் அவனுக்கு மூக்குப்பொடி கொடுத்தாள். இருந்த அட்டை தீர்ந்து, இன்னும் வரவழைத்தாள். ஊர் கடைசியில் தன் பக்கம் திரும்பிவிட்டது என்றே நம்பினாள்.

முகத்துக்கு நேரே சொல்கிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துச் சிரிப்போம், திட்டுவோம், அமெரிக்காவுக்கு அனுப்புவோம். ஆனால் அந்த ஆளிடம் சொல்ல மாட்டோம். தனக்குத் தெரிந்துவிட்டது என்று அந்த ஆளே வந்து நிற்கிறவரை காத்திருப்போம். சபீனாவுக்குத் தெரியவே இல்லை.

நவம்பரில் ஒரு நாள் டிலியா வந்தாள். கறுப்பு உடுத்தியிருந்தாள், முகம் பாதியாகியிருந்தது. மைல்ஸ் போன பிறகு அவள் சபீனாவின் கடைக்குள் வருவது அதுதான் முதல் தடவை. சபீனாவுக்கு உள்ளுக்குள் ஒரு குறுகுறுப்பு. அட்டையைப் பார்க்கத்தான் வந்திருக்கிறாள், பார்க்கட்டும், என் கடை அவளுக்கும் கொஞ்சம் உறைக்கட்டும். இப்படி நினைத்தாளே தவிர வாயில் வந்தது சுகம் விசாரிக்கிற பேச்சுத்தான். டிலியா ஓர் அட்டையை எடுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடையைப் பார்க்கவில்லை. அட்டையின் கோடியில், பாலம் இருக்கிற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது மைல்ஸ்" என்றாள்.

சபீனா குனிந்து பார்த்தாள். பாலத்து மேட்டில் கறுப்பாக ஏதோ ஈரக் கறை மாதிரி இருந்ததை அவள் அதுவரை பாலத்தின் நிழல் என்றே நினைத்திருந்தாள். அது நிழல் இல்லை. ஆட்கள். தோளோடு தோளாகக் கறுப்புக் கோட்டுகள். எல்லாருக்கும் மேலே, ஒரு தீக்குச்சி அளவுக்கு, நீளமாக ஒன்று.

"அந்த மனுஷன் ஒரு போட்டோவுக்கும் நிக்கல. கல்யாணத்தன்னிக்குக்கூட நிக்கல. அவருன்னு என்கிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். அவரோட அண்ணன் தம்பிங்க அமெரிக்காவுல இருக்காங்க, ஒருத்தராலயும் வர முடியல. அவங்களுக்கு அனுப்பணும். ஆளுக்கு ஒண்ணு கொடு."

சபீனாவின் கை தானாக அட்டைகளை எடுத்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, மேகம் வந்தது, அந்த ஆள் அவசரப்படுத்தினார், ஊர்வலம் தாண்டிவிட்டது என்றுதான் நினைத்தேன் என்று உளறினாள். டிலியா கேட்டுக்கொண்டாள். கோபப்படவில்லை. அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல் மெல்லத்தான் சொன்னாள்:

"இதுல ஊர்ல இருக்கற எல்லாருக்கும் முதுகுதான் தெரியுது சபீனா. நான் தேடிப் பார்த்துட்டேன். முகம் தெரியறது உனக்கு மட்டும்தான்."

சொல்லிவிட்டு அட்டைகளை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் வைத்துவிட்டுப் போன காசைச் சபீனா கல்லாவில் போட்டாள்.

ஜன்னலில் இருந்ததையெல்லாம் பிடுங்கினாள். ஒவ்வொரு அட்டையிலும் அதே சிரிப்பு, அதே தொப்பி, அதே திறந்த கடை. அவளுக்குப் பின்னால் ஊரே ஒரு நல்ல மனுஷனைத் தூக்கிக்கொண்டு போகிறது. ஜனங்கள் எதற்காக வாங்கினார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. பாதிப் பேர் மைல்ஸுக்காக வாங்கினார்கள், பாதிப் பேர் தனக்காக வாங்கினார்கள். பாஸ்டனில் சமையலறைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு, இவள்தான் டூனன் வீட்டுப் பெண் என்று பிள்ளைகளுக்குக் காட்டுவார்கள். உடம்பு கூசியது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், வெட்கத்துக்கு அடியில் அந்தப் பழைய எரிச்சல் அணையாமல்தான் இருந்தது. ஒரு வருஷம் பாடுபட்டு, கறியும் கேக்கும் போட்டு, தன் கடைக்காகத் தானே எடுக்க வைத்த படம். அதுவும் கடைசியில் டிலியாவின் படமாகிவிட்டது.

கம்பெனிக்கு எழுதினாள், அந்த அட்டையை அச்சடிக்க வேண்டாம் என்று. நன்றாக விற்கிற அட்டையை நிறுத்த முடியாது, தேவையானால் திருத்தலாம் என்று பதில் வந்தது. அடுத்த கோடையில் ஹெம்ஃபில் வந்தபோது கண்ணாடித் தகட்டையே கொண்டுவந்து, அவள் மேஜையில் ஒரு வெள்ளைத் துணி மேல் வைத்தார். இந்த மாதிரி வேலை அவர்களுக்குத் தினசரி வேலை. வேண்டாத கம்பத்தை எடுப்பார்கள், இல்லாத மேகத்தைப் போடுவார்கள். டப்ளினில் அதற்கென்றே தூரிகையோடு உட்கார்ந்திருக்கிற பெண்கள் உண்டு.

"ரெண்டுல ஒண்ணு பண்ணலாம் மேடம். பாலத்துல இருக்கற கூட்டத்தை எடுத்துடலாம். அது சுலபம், சின்னதா இருக்கு. அப்புறம் அது ஏதோ ஒரு ஞாயித்துக்கிழமை மாதிரி இருக்கும், உங்களை யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது. இல்லேன்னா உங்களை எடுத்துட்டு, கடைக்குப் பலகை வரைஞ்சிடலாம். எதுன்னு சொல்லுங்க."

கூட்டத்தை எடுத்துவிடுங்கள் என்ற வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. எடுத்துவிட்டால் அட்டை தன்னுடையது. கடை இருக்கும், பெயர் இருக்கும், தொப்பி இருக்கும். டிலியாவுக்கு இருக்கிற அந்தத் தீக்குச்சி இருக்காது. அவள் அதை ஆசையோடு நினைத்துப் பார்த்தாள், இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஹெம்ஃபில் தேநீரைக் குடித்து முடித்துவிட்டுக் காத்திருந்தார். தகட்டில் எல்லாம் தலைகீழ் நிறம். கறுப்புக் கோட்டுகள் வெள்ளையாக இருந்தன, அவள் சிரித்த பல் கறுப்பாக இருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னை எடுத்துடுங்க" என்றாள்.

அப்படியே செய்தார்கள். புது அட்டையில் அவள் இல்லை. தொப்பி இல்லை. வாசலில் பலகை போட்டிருந்தது, அவளே போட்டிருந்தாலும் அவ்வளவு நேராக இருந்திருக்காது. தெரு முழுக்க அடைத்துக் கிடந்தது, பாலத்தில் மைல்ஸ் போய்க்கொண்டிருந்தான். ஜன்னலில் குத்தி வைத்துவிட்டு, இனி எல்லாம் தீர்ந்தது என்று கல்லாவில் உட்கார்ந்தாள்.

ஒருத்தரும் வாங்கவில்லை. வந்து பார்த்தார்கள், திருப்பிப் பார்த்தார்கள், கீழே வைத்தார்கள். பழையது இல்லையா மிஸ் டூனன், நீங்கள் நிற்கிறது, என்று கேட்டார்கள். மலையடிவாரத்துக் கிழவர்கூடக் கேட்டார். பார்ட்லி கெனீலி பழைய அட்டைகளை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, ரயிலில் வந்து இறங்குகிறவர்களிடம் விற்கவே ஆரம்பித்துவிட்டான், கூடவே கதையும் சொல்லி. தன்னை இவ்வளவு விருப்பத்தோடு கேட்டு ஊர் ஜனங்கள் வருவார்கள் என்று அவள் ஒரு காலத்தில் கனவு கண்டதுண்டு.

புது அட்டையை வாங்கினவள் ஊர் மொத்தத்தில் ஒருத்திதான். டிலியா வந்தாள், பார்த்தாள், சபீனாவின் கடை இருந்த இடத்தில் வரைந்திருந்த பலகையை ரொம்ப நேரம் பார்த்தாள். ஓர் அட்டையை வாங்கிக்கொண்டு போய்த் தன் கடை ஜன்னலில், தெருவில் போகிற எல்லாருக்கும் தெரிகிற மாதிரி வைத்தாள். அதுவரை அங்கே வைத்திருந்த பழைய அட்டையை எடுத்து உள்ளே போட்டுவிட்டாள். அதைப் பார்த்து ஊரிலும் பேச்சு மெல்லக் குறைந்தது. டிலியாவே விட்டுவிட்டாள், நமக்கென்ன என்று நிறையப் பேர் விட்டுவிட்டார்கள்.

சபீனா எதிர்ச் சாரியில் நின்று அந்த ஜன்னலைத் தினமும் பார்த்தாள். டிலியாவின் கடையை மன்னித்திருப்பாள். மைல்ஸைப் புருஷனாக அடைந்ததையும், அவன் சாவுக்குக் கூடின கூட்டத்தையும்கூடக் காலப்போக்கில் மன்னித்திருப்பாள். இதை மட்டும் அவளால் முடியவில்லை. தன்னை அழித்துக்கொண்ட ஒரே ஒரு நல்ல காரியத்திலும் ஊர் பார்த்து மெச்சினது டிலியாவின் பெரிய மனசைத்தான். சாகிறவரைக்கும் அந்தப் பொறாமை அவளை விடவில்லை.